எரிபொருள் சிக்கன ஓட்டுமுறை: சென்னையின் மேற்குப் புறநகர் வழியே ஒரு வரலாறு

எரிபொருள் சிக்கன ஓட்டுமுறை என்பது வண்டியை மாற்றாமல், ஓட்டுகிற பழக்கத்தை மட்டும் மாற்றி, குறைந்த பெட்ரோலில் அல்லது டீசலில் அதே தொலைவைக் கடப்பதாகும். இந்தியாவில் இது முதலில் போர்க்காலத் தட்டுப்பாட்டிலிருந்தும், பின்னர் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியிலிருந்தும் பிறந்தது. பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைக் கொண்ட சென்னையின் மேற்குப் புறநகர், வண்டிகளின் சக்கரமும் பிரேக்கும் டயரும் செய்யப்பட்ட பகுதி. அந்த வண்டிகளுக்கு எண்ணெய் ஊற்றிக் கணக்குப் பார்த்த உழைப்பாளர்கள் வாழும் பகுதியும் அதுவே. ஆகவே இந்த வரலாற்றை இங்கிருந்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

மைலேஜ் என்னும் சொல்

எடை, அளவுகள் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியது. மைல் கற்களில் கிலோமீட்டர் ஏறியது. ஆனால் மைல் போன பிறகும் 'மைலேஜ்' போகவில்லை. இன்றும் புது வண்டி வாங்கியவரைத் தெருவில் பார்த்தால், விலையைக் கேட்பதற்கு முன்னால் "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" என்றுதான் கேட்கிறோம். 'கொடுக்கிறது' என்ற வினையைக் கவனிக்க வேண்டும். பசு பால் கொடுப்பதைப் போல வண்டி மைலேஜ் கொடுக்கிறது என்று நினைக்கிறோம். அதில் ஓட்டுபவரின் பங்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பங்கைப் பற்றியது.

கரிவாயுவில் ஓடிய பேருந்துகள்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு சென்னை மாகாணத்துக்கு எண்ணெய் வந்த முக்கிய வழிகளில் ஒன்று பர்மா. 1942இல் ஜப்பானியப் படை முன்னேறியபோது, பின்வாங்கிய ஆங்கிலேயர்கள் அந்த ஆண்டு ஏப்ரலில் ஏனாஞ்சாங் எண்ணெய் வயல்களைத் தாங்களே தகர்த்தார்கள். பெட்ரோல் ஏற்கெனவே பங்கீட்டில் இருந்தது. இப்போது கிடைப்பதே அரிதாயிற்று. அப்போது பேருந்துகளையும் லாரிகளையும் ஓட வைத்தது கரிவாயு. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த ஒரு வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் இதற்கான 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்னும் கலத்தை உருவாக்கி விற்றது. சென்னையில் சிம்ப்சன் நிறுவனமும் இத்தகைய கலங்களைச் செய்தது.

கரிவாயுவில் எஞ்சினின் வலு பெட்ரோலில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். கனல் பிடிக்கும் வரை காலையில் காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருக்கிற சிறு வலுவை வீணாக்காமல் ஓட்ட, அக்கால ஓட்டுநர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டார்கள்: ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அதை இழக்காமல் காப்பது. தேவையில்லாமல் பிரேக் போட்டால் மீண்டும் வேகம் பிடிக்க நெடுநேரம் ஆகும். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு சிக்கன ஓட்டுமுறைப் பயிற்சிகளில் சொல்லப்படும் முதல் பாடமும் இதுதான்.

மிதிவண்டி, சக்கரம், டயர்

போருக்குப் பின் மேற்குப் புறநகர் தொழிற்பகுதியாக மாறியது. முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. டன்லப் டயர் ஆலை 1959இல் அம்பத்தூருக்கு வந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960 முதல் 1962க்குள் அடுத்தடுத்து எழுந்தன. ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் உற்பத்தியைத் தொடங்கியது. 1964ஐ ஒட்டி அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று.

வண்டியின் உறுப்புகளைச் செய்தவர்கள் வேலைக்கு வந்தது பெரும்பாலும் மிதிவண்டியில்தான். 1980களின் தொடக்கத்தில்கூட ஆவடியில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் சாலை முழுவதும் மிதிவண்டிகள் நிறைந்து, பேருந்து நகர முடியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை இவ்வூர்கள் வழியேதான் செல்கிறது. அது 1979இல் திருவள்ளூர் வரை மின்மயமானது. இப்பகுதியில் பெட்ரோலை மிகுதியாக மிச்சப்படுத்தியவை எவை என்று கேட்டால், எந்தப் பயிற்சியையும்விட இந்த மிதிவண்டியையும் மின்தொடர் வண்டியையும்தான் முதலில் சொல்வேன். ஒரு சொட்டுப் பெட்ரோலும் செலவழிக்காதவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் 'சேமித்தவர்கள்' என்று வருவதில்லை.

1973: மாட்டு வண்டியில் வந்த எதிர்ப்பு

1973 அக்டோபரில் அரபு-இசுரேல் போரை ஒட்டி எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையை உயர்த்தின. பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. இந்தியா அப்போது தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்கினாலும், அதற்கு வேண்டிய கச்சா எண்ணெய் கப்பலில்தான் வந்தது. உள்நாட்டில் பெட்ரோல் விலை உயர்த்தப்பட்டபோது, நவம்பரில் அடல் பிகாரி வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். அந்தப் படம் இன்றும் விலை உயரும்போதெல்லாம் சுற்றுக்கு வருகிறது.

உலக நாடுகள் வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டன. நெதர்லாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தன. அமெரிக்கா 1974இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்கு, அதாவது 88 கிலோமீட்டருக்கு, கட்டுப்படுத்தியது. அந்த வரம்பு 1995 வரை நீடித்தது. இந்தியாவில் அப்போது அந்த வேகத்தைத் தொடக்கூடிய வண்டிகளும் சாலைகளும் குறைவு. இங்கே வேறு வழி தேவைப்பட்டது. 1976இல் பெட்ரோலியப் பாதுகாப்புச் செயற்குழு ஒன்று அமைக்கப்பட்டது, அது 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமாக (பி.சி.ஆர்.ஏ.) உருவெடுத்தது. நடுவண் அரசின் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இச்சங்கம் ஓட்டுநர் பயிற்சிகளை நடத்தியது. துண்டறிக்கைகளும் விளம்பரப் படங்களும் வெளியிட்டது.

அவற்றுள் ஒன்று பலருக்கும் நினைவிருக்கும். சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் தந்தையிடம், தான் பெரியவனானதும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைக்கப்போவதாக மகன் சொல்வான். இப்படியே எரித்தால் அப்போது பெட்ரோலே இருக்காது என்பது அவன் கணக்கு. நல்ல விளம்பரம்தான். ஆனால் சைக்கிள் கடை வைப்பது ஏதோ தாழ்ந்த நிலை என்பதுபோல் அதில் ஒரு தொனி இருந்தது. அம்பத்தூரில் சைக்கிள் கடையால் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பேருந்துப் பணிமனையில் கே.எம்.பி.எல்.

சிக்கன ஓட்டுமுறை தமிழ்நாட்டில் உண்மையில் வேரூன்றிய இடம் அரசுப் போக்குவரத்துக் கழகம். சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சேர்ந்து 1976இல் சென்னைத் தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தை அமைத்தன. அதன் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு கும்மிடிப்பூண்டியில் இயங்குகிறது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதன் சுருக்கமான 'கே.எம்.பி.எல்.' பணிமனைகளின் அன்றாடச் சொல் ஆயிற்று. ஒவ்வொரு பேருந்துக்கும் ஊற்றிய டீசலும் ஓடிய தூரமும் பதிவாகும். எந்த ஓட்டுநர் ஓட்டினார் என்பதும் அருகில் இருக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காகத் தமிழ்நாட்டுக் கழகங்கள் தேசிய அளவில் பலமுறை பரிசு பெற்றுள்ளன.

வெளியூர்ப் பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது, நகரப் பேருந்து ஏன் அதைவிடக் குறைவாக ஓடுகிறது? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 15 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 11.1 மீட்டர், வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும்: ஏறத்தாழ 9 இலட்சத்து 25 ஆயிரம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறும் என்று கொண்டால், பேருந்தை நின்ற நிலையிலிருந்து 40க்குக் கொண்டுவர மட்டும் 75 மில்லிலிட்டருக்கு மேல் டீசல் ஆகிறது. பிரேக்கை மிதித்ததும் அத்தனையும் வெப்பமாகிக் காற்றில் போகிறது. பதின்மூன்று முறை அப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டர்.

இப்போது எம்.டி.எச். சாலையில் பாடி, பிரிட்டானியா, டன்லப், எஸ்டேட், ஓ.டி. என்று ஆவடி வரை உள்ள நிறுத்தங்களை எண்ணிப் பாருங்கள். நிறுத்தங்களுக்கு நடுவே சிக்னலும், குறுக்கே வரும் ஆட்டோவும், சாலையோரம் நிற்கும் லாரியும் வேறு. நல்ல ஓட்டுநர் நிறுத்தம் வருவதற்கு நூறு மீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக வேகம் குறைந்து வந்து நிற்கும். பிரேக்குக்குக் கடைசியில் சிறிது வேலைதான். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் வைத்து இரண்டு ஓட்டுநர்களைப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் இதில் ஒரு நியாயப் பிரச்சினை உண்டு. அதே ஓட்டுநருக்கு நேர அட்டவணையும் இருக்கிறது. நெரிசலில் சிக்கித் தாமதமானவர், அதை ஈடுகட்ட விரைந்து கிளம்பி விரைந்து பிரேக் போடுகிறார், கே.எம்.பி.எல். குறைகிறது, விளக்கம் கேட்கப்படுகிறது. எஞ்சின் பழையதாயிருந்தாலும், கிளட்ச் தேய்ந்திருந்தாலும், டயரில் காற்றில்லாவிட்டாலும் பழி முதலில் கால் வைத்தவர் மேல்தான் விழும். இன்னும் மோசமானது, எண்ணைக் காப்பாற்றுவதற்காக இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிவரும் பழக்கம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு வேண்டிய காற்று புதிதாகச் சேராது, ஸ்டியரிங் கனமாகும். சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொண்டு உயிரோடு விளையாடும் செயல் அது. அளவுகோல் ஒன்றை வைத்தால், மனிதர்கள் அந்த அளவுகோலுக்காக வேலை செய்யத் தொடங்கிவிடுவார்கள். தேர்ச்சி விழுக்காடு கேட்கப்பட்ட ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல.

மொபெட் காலமும் என் நோட்டுப் புத்தகமும்

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் போகக்கூடிய மொபெட். மல்லிகைக்குப் பெயர்பெற்ற பூந்தமல்லி, அதாவது பூவிருந்தவல்லி, சுற்றுவட்டாரத்துப் பூக்காரர்களும் பால்காரர்களும் காய்கறி வியாபாரிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1985இல் நான்கு வீச்சு எஞ்சினோடு ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்து, சிக்கனத்தையே விளம்பரமாக்கியது. 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை மறுபடி எகிறியது. அடுத்த ஆண்டு நாடு தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த நெருக்கடிக் காலத்தில்தான் நான் என் ஸ்கூட்டருக்கு ஒரு நோட்டுப் போட்டேன். டேங்கை முழுதாக நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுமுறை முழுதாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்ப்பது. இதைவிட நம்பகமான வழி சாதாரண மனிதருக்கு இல்லை. ஒரு மாதம் லிட்டருக்கு 44 வந்தது, அடுத்த மாதம் 35க்கு இறங்கியது. பெட்ரோல் பங்க்காரரைச் சந்தேகித்தேன், மெக்கானிக்கைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், குளிர்ந்த காலையில் இழுத்த சோக்கை நானே முழுதாகத் தள்ளாமல் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன்.

அந்த நோட்டை எட்டாம் வகுப்பில் சராசரி கற்பிக்கப் பயன்படுத்தினேன். அவரவர் வீட்டு வண்டிக்குக் கணக்கு எழுதி வரச் சொன்னபோது, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகன் இரண்டு பத்திகள் போட்டு வந்தான்: சவாரியோடு ஓடிய தூரம், காலியாக ஓடிய தூரம். காலியாக ஓடியது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். "அப்பா மெதுவாத்தான் ஓட்டுறாரு சார், சவாரி தேடி சுத்துறதுலதான் பெட்ரோல் போகுது" என்றான். ஓட்டும் விதத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு பாடம். அதன் பிறகு ஒரே நடையில் மூன்று வேலைகளை முடிக்கும்படி என் பயணத்தை அமைத்துக்கொண்டேன். அது நோட்டில் மைலேஜாகத் தெரியாது. மாதக் கடைசியில் மணிபர்ஸில் தெரிந்தது.

பழைய அறிவுரை, புதிய எஞ்சின்

இந்த வரலாற்றில் அறிவுரைகளும் மாறியிருக்கின்றன. கார்புரேட்டர் எஞ்சின், வண்டி கியரில் உருண்டு வரும்போதும் ஓரளவு பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் நியூட்ரலில் விட்டு உருட்டுவது சிக்கனம் என்ற நம்பிக்கை பரவியது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்து, இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் மின்னணு எரிபொருள் செலுத்து முறைக்கு மாறின. இவ்வகை எஞ்சினில், கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால், வேகம் ஓரளவுக்குக் குறையும் வரை பெட்ரோல் அடியோடு நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிய வேண்டியிருக்கிறது. அதாவது அப்பா சொல்லிக்கொடுத்தது மகனுடைய வண்டிக்குப் பொருந்தாது.

சில அறிவுரைகள் மட்டும் மாறவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், பூந்தமல்லி புறவழிச்சாலையில் 80இல் பறப்பவரைவிட 55இல் போகிறவருக்குக் கணிசமாக மிச்சமாகும். 80க்குப் பதில் 45 முதல் 55க்குள் ஓட்டினால் 40 விழுக்காடு வரை கூடுதல் தொலைவு கிடைக்கும் என்று பி.சி.ஆர்.ஏ. சொல்லி வந்திருக்கிறது. டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டக் கூடாது. நிற்கும் சிறு கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கக்கூடும். இரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நிற்பவர் எஞ்சினை அணைத்தே ஆகவேண்டும். மே மாத வெயிலில் ஏசியை நிறுத்திக் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கச் சொல்வது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தில்லியில் 2020இல் சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைக்கும் இயக்கம் குளிர்காலம் நெருங்கும் அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது.

நூறு ரூபாய்க்குப் பிறகு

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறத் தொடங்கியது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் மாநில அரசு வரியில் 3 ரூபாய் குறைத்தது.

பட்டாபிராமிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். போகவர நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள், மொத்தம் 1,500 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 ஓடினால் 33 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். பழக்கத்தைத் திருத்தி 50 ஆக்கினால் 30 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 333 ரூபாய், ஆண்டுக்கு 4,000 ரூபாய் மிச்சம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு இது பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு. ஆனால் மீதி 3,000 ரூபாய் மாதந்தோறும் போய்க்கொண்டே இருக்கும். வேலை ஓரிடத்திலும் வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளியும் இருப்பதால் வரும் செலவு அது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மெல்ல முறுக்கினாலும் அது குறையாது. சிக்கன ஓட்டுமுறையைப் பற்றிப் பேசும் துண்டறிக்கைகள் இதைப் பேசுவதில்லை.

2025 ஜூனில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்பேருந்துகள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. அவற்றில் பிரேக் போடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, முன்பு வெப்பமாகப் போன ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நிறுத்தத்துக்கு நூறு மீட்டர் முன்பே காலை எடுத்த ஓட்டுநருக்குத் திரும்பக் கிடைப்பது அதிகம். கடைசி நொடியில் அழுத்திப் பிரேக் போடுபவருக்குக் குறைவு. பணிமனைப் பதிவேட்டில் லிட்டர் இருந்த இடத்தில் இப்போது யூனிட் எழுதப்படுகிறது.